காது மெஷினும் தம்புராவும்



இன்று நான் பேச வந்திருக்கும் விஷயத்தை நம் சங்கீத உலகம் உரக்கப் பேசுவதில்லை. காது மந்தமான பிறகு இசை என்ன ஆகிறது? பாடுகிறவருக்கு, வாசிக்கிறவருக்கு, முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டும் ரசிகருக்கு என்ன ஆகிறது? எல்லாம் முடிந்துவிட்டது என்று தம்புராவுக்கு உறை போட்டு மூலையில் சாய்த்துவிட வேண்டியதுதானா?

வேண்டியதில்லை. இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். என் இரண்டு காதிலும் மெஷின் இருக்கிறது. பின்வரிசைக்குத் தெரியாது, முன்வரிசைக்குத் தெரியும். இதை மாட்டிக்கொண்டுதான் இன்றும் வயலின் வாசிக்கிறேன், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இந்தக் கருவி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. இசைக்கு இதை நாம்தான் பழக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பற்றியதே என் பேச்சு.

முதலில் காது. நம் உட்காதில், நத்தை ஓட்டைப் போல் இரண்டரைச் சுற்றுச் சுற்றிய ஓர் உறுப்பு இருக்கிறது. அதை காக்ளியா என்பார்கள். அதனுள் வரிசை வரிசையாக மயிரிழைச் செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. சங்கதிகள் அத்தனையும், கமகம் அத்தனையும், நாம் அழுததும் சிலிர்த்ததும் எல்லாம் இந்தப் பதினைந்தாயிரத்தின் வழியாகத்தான் உள்ளே போயின. மனிதருக்கு அவை ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. பெரும்பாலும் முதலில் அழிவது உச்ச ஒலிகளைப் பிடிக்கும் செல்கள். வயதானாலும் அப்படித்தான், சத்தத்தில் கெட்டாலும் அப்படித்தான்.

உச்ச ஒலி போனால் நமக்கு என்ன நஷ்டம்? இங்கேதான் சங்கீதக்காரர்களுக்கு ஓர் ஆறுதலான கணக்கு இருக்கிறது. ஒரு கட்டையில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அவர் தாரஸ்தாயிப் பஞ்சமம் வரை போனாலும் 392. ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்ணின் ஷட்ஜம் சுமார் 208. அவர் தாரஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொட்டாலும் 623. ஆக, வாய்ப்பாட்டில் வரும் சுரங்கள் பெரும்பாலும் 700 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகின்றன. வயதில் வரும் செவிக்குறைவு முதலில் கை வைப்பது 2000, 3000, 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே. பாடகரின் ஷட்ஜம் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது! காந்தாரம் இருக்கிறது! ராகம் இருக்கிறது!

அப்படியானால் போவது எது? சாகித்யத்தின் எழுத்துகள். 'ஸ' என்ற ஒலியின் வலு 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. த, ட, க போன்றவற்றின் கூர்மையும் உயர்ந்த ஒலிகளில்தான் இருக்கிறது. "பாட்டு நன்றாகக் கேட்கிறது, வார்த்தைதான் புரியவில்லை" என்று சொல்லும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் இருப்பவர்கள் அதை நம்புவதில்லை, "வேணும்கிறது மட்டும் கேட்குமே உங்களுக்கு" என்பார்கள். அந்தப் பெரியவர் சொல்வது அப்பட்டமான உண்மை.

அதோடு மிருதங்கத்தில் சாப்பின் பளீர் போகிறது, கஞ்சிராவின் காசுச் சத்தம் போகிறது. எனக்கு முதலில் போனது வில்லின் உராய்வு. ரோசின் பூசிய மயிர் கம்பியைத் தொடும் கணத்தில், சுரம் பிறப்பதற்கு ஒரு நொடிக்கு முன்னால், மெல்லிய 'உஸ்' என்ற ஓசை ஒன்று உண்டு. வயலின்காரருக்கு அது மூச்சுச் சத்தம். சுரம் கேட்டுக்கொண்டே இருந்தது, அந்த மூச்சு நின்றுவிட்டது. வில்லை அழுத்திப் பார்த்தேன், ரோசினை மாற்றினேன், கம்பியை மாற்றினேன். குறை காதில் இருந்தது.

பிறகு தம்புரா. தம்புராவில் ஜீவா என்று ஒரு நூல் வைக்கிறோமே, குதிரைக்கும் கம்பிக்கும் இடையில்? அந்த ஒற்றை நூலைக் கால் இம்மி நகர்த்தினால் தம்புரா பேசும், இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் ஊமையாகும். திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன், கல்கத்தாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த நாளில், 1921இல், தம்புராவையும் வீணையையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கம்பியை மீட்டும் இடத்தைப் பொறுத்துப் பிறக்கவே கூடாத மேற்சுரங்கள்கூட இந்த வாத்தியங்களில் பிறக்கின்றன, அதற்குக் காரணம் அந்தக் குதிரையின் அமைப்பு என்று காட்டினார். ஒரு ஷட்ஜத்தை மீட்டினால் அதன் இரட்டிப்பு, மும்மடங்கு, நான்மடங்கு என்று மேலே மேலே கொத்தாக எழும்பி வருகிறது. அந்தக் கொத்தின் மேல் பாதிதான் செவி குறைந்தவருக்கு இல்லாமல் போகிறது. தம்புரா கேட்கும், அதன் ஜீவன் கேட்காது.

அதற்குத்தானே மெஷின் இருக்கிறது, மாட்டிக்கொண்டால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். நானும் அந்த நம்பிக்கையோடுதான் வாங்கினேன். பேச்சுக்கு அது அருமையாக வேலை செய்தது. வீட்டில் பேத்தி பேசுவது கேட்டது, காய்கறிக்காரர் சொன்ன விலை கேட்டது. அன்று மாலை தம்புராவை மீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மீட்டின சில விநாடிகளில் தம்புராவின் நாதம் தானாகத் தேய ஆரம்பித்தது. நிறுத்தி மறுபடி மீட்டினால் பெரிதாக வரும், மறுபடி தேயும். வில்லை எடுத்து ஷட்ஜத்தை நீளமாக இழுத்தேன். அது நடுங்கியது. என் கை நடுங்கவில்லை, சுரம் நடுங்கியது.

மறுநாள் வயலின் பெட்டியோடு கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்த ஆடியாலஜிஸ்ட் என் பெண் வயதுதான். "ஏம்மா, இது என் வாத்தியத்தைக் கெடுக்குது" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சார், இங்கேயே வாசிங்க, நான் கம்ப்யூட்டர்ல பார்க்கிறேன்" என்றார். வாசித்தேன். திரையைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன வாக்கியம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "சார், இந்த மெஷின் உங்க வயலினை விசில்னு நினைச்சுக்குது, தம்புராவை ஃபேன்னு நினைச்சுக்குது."

இதை நன்றாகக் கவனியுங்கள். காது மெஷினில் மைக்கும் ஸ்பீக்கரும் மிக அருகருகே இருக்கின்றன. ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குத் திரும்பினால் 'கீச்' என்று விசிலடிக்கும். அதை அடக்க உள்ளே ஓர் ஏற்பாடு இருக்கிறது. நீண்டு நிற்கும் ஒற்றைத் தொனி எது வந்தாலும் அதை விசில் என்று முடிவுகட்டி எதிர்த்தொனி அனுப்பும். நம் சங்கீதத்தில் நீண்டு நிற்கும் ஒற்றைத் தொனிக்குப் பெயர் கார்வை! இன்னோர் ஏற்பாடு, ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக வரும் சத்தத்தை இரைச்சல் என்று கண்டு குறைத்துவிடும். மின்விசிறிக்கும் ஏ.சி.க்கும் அது நல்லது. ஒரே சீராக ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே நாம் தம்புராவை வைத்திருக்கிறோம். பேச்சுக்காகச் செய்த கெட்டிக்காரத்தனம் ஒவ்வொன்றும் சுருதிக்கு எதிராகப் போகிறது.

இன்னும் ஒன்று உண்டு. சில மெஷின்கள், உங்களுக்குக் கேட்காத உச்ச ஒலியை எடுத்துக் கீழே, கேட்கிற இடத்துக்கு இறக்கிக் கொடுக்கும். 'ஸ'வைப் பிடிக்க அது உதவும். ஆனால் தம்புராவின் மேற்சுரங்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்ற கணக்கில் நிற்பதால்தான் அது சுருதி. அவற்றில் சிலவற்றை மட்டும் இடம் பெயர்த்தால் எப்படிச் சேரும்? எல்லாக் கம்பியும் சரியாக இருக்கும், காதுக்கு மட்டும் அபசுரமாக இருக்கும். எத்தனை பேர் இதனால் "எனக்குச் சுருதி ஞானமே போய்விட்டது" என்று மனமுடைந்து வாத்தியத்தை வைத்துவிட்டார்களோ என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஞானம் எங்கும் போகவில்லை ஐயா! மெஷினில் ஒரு கட்டளையை நிறுத்தினால் திரும்பி வந்துவிடும்!

அடுத்தது சத்தத்தின் அளவு. எதிரே நின்று பேசும் பேச்சு சுமார் 65 டெசிபல். மேடையில் பக்கவாத்தியங்களோடு உட்கார்ந்தால் சத்தம் 100ஐயும் தொடும். பல மெஷின்கள் உள்ளே வாங்கும்போதே 95, 96 டெசிபலுக்கு மேல் வருவதை வெட்டிவிடும்படி செய்யப்பட்டவை. வாசலிலேயே கெட்டுப்போன ஒலியை உள்ளே எந்தக் கணிப்பொறியும் சரிசெய்ய முடியாது. கனடாவில் டொரான்டோ நகரில் இசைக்கலைஞர்களுக்கென்றே செவிச் சிகிச்சை நடத்தும் மார்ஷல் சேசின் என்ற நிபுணர் இதற்கு எளிய கைவைத்தியம் ஒன்று சொன்னார். மெஷினின் மைக் துளை மேல் செல்லோ டேப்பைச் சில அடுக்கு ஒட்டிவிடு என்றார். உள்ளே வரும் சத்தம் சுமார் 10 டெசிபல் குறையும், ஒலி உடையாது. கச்சேரி முடிந்ததும் பிய்த்துவிடலாம். புதிதாக வாங்குகிறவர்களே, பெரிய சத்தத்தை உடைக்காமல் வாங்கும் மாடல்களும் இப்போது வந்திருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

செவிக்குறைவில் இன்னொரு விசித்திரமும் உண்டு. சின்னச் சத்தம் கேட்காது, பெரிய சத்தம் வலிக்கும். "உரக்கப் பேசு" என்பார், உரக்கப் பேசினால் "ஏன் கத்துகிறாய்" என்பார். ஒரு வீட்டின் தரையை நான்கடி உயர்த்திவிட்டுக் கூரையை அப்படியே விட்டால் நடுவில் குனிந்து நடக்கும் இடம்தானே மிஞ்சும்? அந்தக் காதும் அப்படித்தான். மெஷின் அந்தக் குறுகிய இடத்துக்குள் எல்லாவற்றையும் திணிக்கப் பார்க்கும். சின்னதைப் பெரிதாக்கும், பெரியதைச் சின்னதாக்கும். விளைவு? நிரவலில் பாடகர் கீழிருந்து படிப்படியாகக் கட்டி எழுப்புகிறார், நமக்கு எல்லாம் ஒரே மட்டத்தில் வருகிறது. தனி ஆவர்த்தனத்தில் மோகரா கோர்வை என்று கொட்டி முழக்குகிறார், நமக்கு மேளம் ஏறவே இல்லை. இசைக்கு இந்தத் திணிப்பைத் தளர்த்த வேண்டும்.

ஆகவே என் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் நான் சொல்வது இதுதான். வாத்தியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பாடகரா, தம்புராவோடு போங்கள். "இசைக்கு என்று தனி ப்ரோக்ராம் ஒன்று போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். விசில் அடக்கும் ஏற்பாடு அதில் நிற்கட்டும், முடியாவிட்டால் குறைந்தபட்ச அளவில் இருக்கட்டும். இரைச்சல் குறைப்பு வேண்டாம். ஒலியை இடம் பெயர்ப்பது வேண்டவே வேண்டாம். மைக் எல்லாத் திசையையும் கேட்கட்டும். அங்கேயே உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள், பாடிப் பாருங்கள், திருப்தி ஆகும்வரை எழுந்திருக்காதீர்கள். மூன்று முறை, நான்கு முறை திரும்பப் போக வேண்டியிருந்தாலும் கூச்சப்படாதீர்கள். எனக்கு அந்தப் பெண் அப்படிப் பொறுமையாகச் செய்து கொடுத்த நாளில்தான் வில்லின் மூச்சு திரும்பி வந்தது.

பாடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காதுத் துளையை முழுக்க அடைக்கும் அச்சு போட்டால் உங்கள் குரல் உங்களுக்கே குடத்துக்குள்ளிருந்து வருவது போல் முழங்கும். கீழ்ச்சுருதி நன்றாகக் கேட்கிறவர்களுக்குக் காற்றோட்டமுள்ள திறந்த முனை போதும். தம்புராவின் ஷட்ஜமும் உங்கள் குரலும் இயல்பாக உள்ளே வரும், மெஷின் மேலே குறைவதை மட்டும் சேர்க்கும். இன்னொன்றும் சொல்கிறேன், கடைக்காரர்கள் சொல்லமாட்டார்கள். குறைவு லேசாக இருந்தால், கச்சேரி சத்தமாக இருந்தால், மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் கேட்பதே பல நேரம் சுகமாக இருக்கும்.

காது மட்டுமா கேட்கிறது? மேல்நாட்டில் வயலினைத் தாடைக்குக் கீழே வைத்து வாசிக்கிறார்கள். நாம் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் அடியைத் தோளோடும் மார்போடும் சேர்த்து, தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறோம். கை சறுக்கித் தாராளமாகக் கமகம் பிடிக்க வந்த ஏற்பாடு அது. ஆனால் செவி குறைந்த எனக்கு அது இன்னொரு வரம். மந்தரப் பஞ்சமக் கம்பியை இழுத்தால் கணுக்கால் எலும்பில் அதிர்வு ஏறுகிறது, மார்பில் இறங்குகிறது. சுருதி விலகினால் அந்த அதிர்வு கரகரக்கிறது, சேர்ந்தால் வழுவழுப்பாகிறது. தம்புராவின் தண்டியில் நெற்றிப்பொட்டையோ காதின் பின் எலும்பையோ சாய்த்துப் பாருங்கள். ஒலி எலும்பு வழியாக நேரே உட்காதுக்குப் போகும்.

இதை உலகத்துக்கே காட்டியவர் ஒரு பெண்மணி. பெயர் எவலின் கிளெனி. ஸ்காட்லாந்தில் 1965இல் பிறந்தவர். எட்டு வயதில் செவி குறைய ஆரம்பித்து, பன்னிரண்டு வயதில் ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது. அவருடைய பள்ளி ஆசிரியர் என்ன செய்தார் தெரியுமா? "உனக்கு எதற்கம்மா மேளம்" என்று சொல்லவில்லை. பெரிய டிம்பனி மேளங்களைத் தட்டி, அந்த அறைச் சுவரில் கையை வைக்கச் சொன்னார். எந்தத் தொனி உடம்பில் எங்கே அதிர்கிறது என்று பழக்கினார். தாழ்ந்த தொனி காலிலும் தொடையிலும், உயர்ந்த தொனி முகத்திலும் கழுத்திலும் என்று அந்தக் குழந்தை பிரித்தறியக் கற்றது. லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் முதலில் தயங்கியது, செவிப்புலன் இல்லாதவருக்கு இசையில் என்ன எதிர்காலம் என்று. வாதாடி இடம் பெற்றார். உலகமெங்கும் தனிக் கச்சேரி செய்யும் தாளவாத்தியக் கலைஞராக வளர்ந்தார். தரையின் அதிர்வைப் பிடிக்க வெறுங்காலோடு மேடையேறுவார். 2012இல் லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆயிரம் மேளக்காரர்களை முன்னின்று நடத்தியவர் அவர்தான். மேடைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் நமக்கு அந்த வெறுங்கால் அந்நியமா என்ன?

பீத்தோவன் கதை உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். அதிகம் பேசப்படாத இன்னொருவரைச் சொல்ல வேண்டும். செக் நாட்டு இசையமைப்பாளர் பெட்ரிச் ஸ்மெத்தனா. பிராக் நகர நாடக அரங்கின் இசை நடத்துநர். 1874ஆம் ஆண்டில் காதில் இரைச்சல் ஆரம்பித்தது, அந்த அக்டோபருக்குள் இரண்டு காதும் போய்விட்டன. பதவியை விட்டார். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் 'வல்த்தாவா' என்ற இசைப்படைப்பை எழுதி முடித்தார். தன் நாட்டு நதியின் ஓட்டத்தை, ஒரு சுரம்கூடக் காதால் கேட்காமல்! அடுத்து 1876இல் நான்கு நரம்பு வாத்தியங்களுக்கு ஒரு படைப்பு எழுதினார், 'என் வாழ்விலிருந்து' என்று பெயர் வைத்தார். அதன் கடைசிப் பகுதி துள்ளிக்கொண்டு போகும். திடீரென்று எல்லாம் நிற்கும். கீழே வாத்தியங்கள் நடுங்க, மேலே வயலினில் ஒற்றை உச்சத் தொனி ஒன்று கூர்மையாகக் குத்திக்கொண்டு நிற்கும். அது அவருடைய காதிரைச்சல். தன் இசையைப் பறித்த சத்தத்தையே பிடித்து இசைக்குள் உட்கார வைத்தார். காதிரைச்சலோடு ராத்திரி தூங்காமல் புரளும் அன்பர்கள் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள். அந்தப் படைப்பை ஒருமுறை கேளுங்கள். உங்கள் வேதனை என்னவென்று அறிந்த ஒருவர் உங்களோடு பேசுவார்.

காக்ளியர் இம்பிளான்ட் வைத்த குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மாநிலத்தில் அரசுக் காப்பீட்டுத் திட்டத்திலேயே சிறு குழந்தைகளுக்கு அந்தச் சிகிச்சை கிடைக்கிறது. பதினைந்தாயிரம் செல்களின் வேலையைப் பத்து இருபது மின்முனைகள் செய்கின்றன. அதனால் சுர பேதம் அவர்களுக்குக் கடினம். தாளம் அப்படியில்லை, மற்றவர்களுக்கு ஏறக்குறையச் சமமாகப் பிடிப்பார்கள். அந்தக் குழந்தையை முதலில் பாட்டுக்கு அனுப்பாதீர்கள், மிருதங்கத்துக்கு அனுப்புங்கள். கொன்னக்கோலுக்கு அனுப்புங்கள். பாட்டு பின்னால் வரட்டும்.

இப்போது இளைஞர்களே, உங்களிடம் வருகிறேன். 2021இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்குப்படி 150 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் செவிக்குறைவு. இதில் சத்தத்தால் வருவது தடுக்கக்கூடியது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். 88 ஆனால் நான்கு மணி நேரம். 91 ஆனால் இரண்டு. 94 ஆனால் ஒன்று. 100 ஆனால் கால் மணி நேரம். மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகிறது! தவில் பழகும் பிள்ளைகள் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு சின்ன அறையில் எத்தனை மணி நேரம் உட்காருகிறார்கள்? கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்துக்கு உட்காரும் பையனின் காதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? பஞ்சை அடைத்தால் உச்ச ஒலி மட்டும் அதிகமாகப் போய் வாத்தியம் மொத்தையாகிவிடும், அதனால் யாரும் அடைப்பதில்லை. எல்லா ஒலியையும் சமமாகச் சுமார் 15 டெசிபல் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பான்கள் 1988இலிருந்தே இருக்கின்றன. குருமார்களே, பயிற்சிக் கோலோடு இதையும் கொடுங்கள்.

கடைசியாக, நம் சபாக்களிடம் உரிமையோடு சில கேட்கிறேன். செவி குறைந்தது வெளியே தெரிந்தால் கச்சேரி கிடைக்காது என்று பயந்து, மெஷினே போடாமல் உதட்டையும் வில்லையும் பார்த்து ஒப்பேற்றும் கலைஞர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்குவது உங்கள் கையில் இருக்கிறது. ஒரு கலைஞர் மெஷினோடு மேடையேறினால் அதை அவருடைய கண்ணாடியைப் போல் பாருங்கள். அரங்கின் சத்தத்தைக் குறையுங்கள், குறைந்த சத்தத்தில் செவி குறைந்தவருக்கும் இசை தெளிவாகும். பாடப்போகும் கீர்த்தனைகளின் சாகித்யத்தை அச்சிட்டுக் கொடுங்கள். கண் வார்த்தையைப் பிடித்தால் காது ராகத்தைப் பிடித்துக்கொள்ளும். இருக்கைகளைச் சுற்றித் தரையில் ஒரு கம்பி வளையம் போட்டால், அந்த வளையத்தின் ஒலியை வாங்கும் டெலிகாயில் என்ற ஏற்பாடு உள்ள மெஷின்காரர் மெஷினை அதற்கு மாற்றியவுடன் மேடை மைக்கின் ஒலி நேரே அவர் காதுக்குள் வரும். இருமலும் பேச்சும் எதிரொலியும் வராது. ஏ.சி.க்கும் விளக்குக்கும் செலவழிக்கிற நாம் இதற்குச் செலவழிக்க மாட்டோமா? இந்த மண்டபத்தில் அடுத்த மார்கழிக்கு முன் ஒரு வளையம் போட வேண்டும் என்று இந்தச் சபாவின் செயலாளர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். முதல் நன்கொடையை நான் தருகிறேன்.

இனி உங்கள் கேள்விகள். இருக்கையிலிருந்து கேட்காமல் மைக்குக்கு வந்து, என்னைப் பார்த்து, ஒருவர் பின் ஒருவராகக் கேளுங்கள். கூச்சமாக இருப்பவர்கள் வெளியே மேஜையருகில் தனியாக வாருங்கள். வாத்தியம் கொண்டு வந்திருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.